ஷூவுக்குள் போன நானூறு கிராம்

1976 ஜூன் 14. 19 கிலோ 900 கிராம். 5 ரூபாய்.
1977 நவம்பர் 2. 20 கிலோ. 5 ரூபாய்.
1979 ஏப்ரல் 21. 19 கிலோ 950 கிராம். 8 ரூபாய்.
1981 ஆகஸ்ட் 6. 20 கிலோ. 10 ரூபாய்.
1983 மார்ச் 9. 20 கிலோ. கூலி இல்லை.

தென்காசியில் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த சைதூன் பீவி கட்டிக் கொடுத்த பெட்டிகளில் ஐந்தின் எடையும், அதற்கு அவள் வாங்கிய கூலியும் இவை. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள். எல்லாம் வளைகுடா நாடுகளுக்குப் போனவை. நான் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து 1974-ல் ஓய்வு பெற்றவன். ஏலத்தில் எடுத்த பழைய மேடைத் தராசு ஒன்று என் வீட்டு முன்னறையில் கிடந்தது. அதில் நிறுக்கத்தான் அவள் முதலில் வந்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். தறி நெய்த கணவர் 1968-ல் இறந்தபின் குற்றாலத்தில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலைக்குப் போனாள். சீசனுக்கு வருகிறவர்கள் காய்ந்த துணியோடு வந்து ஈரத் துணியோடு திரும்புவார்கள். வரும்போது மூடிய பெட்டி போகும்போது மூடாது. பஸ் நேரத்துக்கு அவர்கள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து திண்டாடுவதைப் பார்த்து, "எந்திரிங்க, நான் அடுக்குதேன்" என்று இவள் வாங்கி அடுக்கப் போய், அதுவே தொழிலாகிவிட்டது.

பிறகு கடையநல்லூரிலிருந்து ஆண்கள் வரிசையாக விமானம் ஏறத் தொடங்கினார்கள். ஆளுக்கு இருபது கிலோதான் அனுமதி. போகிறவனுடைய சாமான் பத்து கிலோ இருந்தால், "எம்மவன்ட்ட குடுத்திருங்க" என்று தெருவே கொண்டுவந்து கொடுக்கும் பொட்டலம் இருபது கிலோ இருக்கும். எதையும் வேண்டாம் என்று சொல்வது வழக்கமில்லை. முப்பதை இருபதாக்குவது சைதூன் பீவியின் வேலை.

முதலில் பெட்டியையே நிறுப்பாள். "வெறும் பெட்டி அஞ்சு கிலோவா? பெட்டியவா திங்கப் போறீக?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். டப்பா, பாட்டில், அட்டைப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. ஊறுகாயின் எண்ணெயை வடித்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதைக் கைலியில் சுருட்டி நடுவில் வைப்பாள். பனியனைச் சுருட்டுவாள், சட்டையை மடிக்க மாட்டாள், விரித்துப் போட்டு மற்றதை அதற்குள் பொதிவாள். இருபதுக்கு மேலே போகக்கூடாது என்பதைவிட, கீழே இருந்துவிடக்கூடாது என்பதில்தான் அவளுக்குப் பிடிவாதம். கீழே இருந்தால் யாரோ ஒரு தாய் கொடுத்ததை வீணாக விட்டுவிட்டோம் என்று அர்த்தமாம்.

என்ன பொருள், எவ்வளவு எடை, யார் கொடுத்தது, எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் பட்டியல் எழுதுவேன். ஒரு பிரதி பயணி சட்டைப்பையில் போகும். கார்பன் பிரதி என்னிடம் இருக்கும்.

1983 மார்ச் 9 அன்று கட்டியது அவள் அக்காள் மகன் மசூதின் பெட்டி. அக்காள் இறந்தபின் அவனை வளர்த்தது இவள்தான். சித்தியைச் சாச்சி, சாச்சி என்று சுற்றிச் சுற்றி வருவான். இருபத்திரண்டு வயது, தையல்காரன், முதல் பயணம். நிறுத்தபோது 19 கிலோ 600 கிராம் காட்டியது.

"நானூறு கிராம் சும்மா போகுதே அண்ணாச்சி."

"போனாப் போகட்டும்மா. மூடு."

"ஷூவுக்குள்ள எடம் இருக்கு. கசகசாவ ஊத்துனா எந்த மூலைக்கும் போய் நிக்கும். ஒலி முகம்மது எழுதியிருந்தாம்லா, அங்க கசகசாவே கிடைக்கல, குருமா மண்ணு மாதிரி இருக்குன்னு."

ஒலி முகம்மது மசூதின் கூட்டாளி. அங்கே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஷூ ஒன்றுக்கு இருநூறு கிராம். முள் இருபதில் நின்றது. நான் எழுதினேன்: கசகசா 400 கிராம், ஷூ இரண்டிலும், வைத்தவர் சைதூன் பீவி.

ஏப்ரல் 4 அன்று ஒலி முகம்மதுவின் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். மசூதை இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்று இருந்தது. கசகசா அபின் செடியின் விதையாம். அந்த நாட்டில் போதைப்பொருளாம். அதிலும் ஷூவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததால் கடத்தல் என்று எழுதியிருக்கிறார்களாம்.

சைதூன் பீவி சிரித்தாள். "கசகசாவா? குருமாவுக்கு அரைக்கிற கசகசாவா? ஒலிப்பய விளையாடுதான் பாருங்க."

நான் இரண்டாம் முறை வாசித்தேன். அவள் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னாள். முடிவதற்குள் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை நான் பழைய பிரதிகளைப் புரட்டினேன். பார்த்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. அதற்கு முன்பே பதினொரு பெட்டிகளில் கசகசா போயிருக்கிறது. அதில் ஏழு ஷூவுக்குள்.

"பதினொண்ணா?" என்றாள். "பதினோரு பிள்ளைகளையா?"

மறுநாளே பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு கடையநல்லூருக்கு பஸ் ஏறினாள். பதினொரு வீட்டிலும் ஏறி, உங்கள் பிள்ளை நலமா என்று கேட்டாள். எல்லாரும் நலம். தாய்மாரில் ஹாஜரா பீவி மட்டும் விவரம் கேட்டுவிட்டு, "எம்மவன ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்துட்டு, அதுக்கு எங்கிட்ட எட்டு ரூவா கூலி வேற வாங்குனியே தாயி" என்றாளாம். திரும்பி வந்தவள் அந்த எட்டு ரூபாயை என்னிடம் கொடுத்து மணியார்டர் செய்யச் சொன்னாள். செய்தேன்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை பட்டியல். அது மசூதின் சட்டைப்பையில்தானே இருந்தது? வைத்தவர் யார் என்று எழுதியிருக்கிறது. ஒளித்துக் கொண்டுபோகிறவன் கையில் பட்டியல் வைத்திருப்பானா? அதை மொழிபெயர்த்தாலே விட்டுவிடுவார்கள் என்று அவளைத் தேற்றினேன்.

மே 11 அன்று இரண்டாம் கடிதம். ஒலி முகம்மது சிறையில் போய்ப் பார்த்திருக்கிறான். ஷூவைக் கவிழ்த்ததும் அதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள். மசூதுக்கு பாஷை புரியவில்லை; விபரீதம் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. பட்டியலில் சாச்சி பெயர் இருக்கிறதே, தென்காசிக்கு வந்து அவளையும் பிடிப்பார்களே என்று பயந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கக் காகிதத்தை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டான். சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

"காயிதத்தத் தின்னானா?" சைதூன் பீவி எழுந்து நின்றாள். "கூறுகெட்ட பய! எம்பேரத் தின்னுருக்கானே அண்ணாச்சி!"

அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

கார்பன் பிரதி என்னிடம் இருந்தது. அதோடு ஒரு வாக்குமூலமும் எழுதச் சொன்னாள். கசகசாவை வைத்தது சைதூன் பீவியாகிய நான், குற்றம் என்று எனக்குத் தெரியாது, மசூது தடுத்திருந்தாலும் வைத்திருப்பேன், பிடிப்பதானால் என்னைப் பிடியுங்கள்.

"நீங்க நிறுத்தீகன்னு போட வேண்டாம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு?"

"நிறுத்தது நான்தானே. அத விட்டா கணக்கு பொய்யாயிரும்."

என் பெயரையும் எழுதினேன். ஆங்கிலத்தில் பெயர்த்து, வக்கீல் சுந்தரபாண்டியனிடம் முத்திரை வாங்கி, மே 16 அன்று பதிவுத் தபாலில் ஒலி முகம்மதுவுக்கு அனுப்பினோம்.

பிறகு காத்திருந்தோம். பெட்டி கட்டித் தரச்சொல்லி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இருபத்தைந்து ரூபாய் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். "எனக்குக் கை வரல, போங்க" என்றாள். சீசன் தொடங்கியதும் குற்றாலத்துக்கு அறை கூட்டப் போனாள். அங்கேயும் யார் பெட்டியையும் தொடவில்லை.

செப்டம்பர் 22 அன்று வந்த கடிதத்தில், வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இரண்டு வருடத் தண்டனை பத்து மாதமானது என்று இருந்தது. பிடிபட்ட மார்ச் பன்னிரண்டிலிருந்து எண்ணினால் ஜனவரி பன்னிரண்டு. ஆனால் வெளியே விடுவார்களா, வேறு வழக்குப் போடுவார்களா என்பது ஒலி முகம்மதுவுக்கே தெரியவில்லை. ஜனவரி பன்னிரண்டு வந்தது. கடிதம் வரவில்லை. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. சைதூன் பீவி சோறு பொங்குவதையே விட்டுவிட்டாள்.

பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்றான். மொட்டைத் தலை, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. கையில் ஒன்றும் இல்லை. நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

"யாருய்யா வேணும்?" என்றாள்.

"சாச்சி, பசிக்குது" என்றான்.

கதவைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்தாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். கண் விழித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஊசி குத்திக் காய்த்த இடம் அப்படியே இருந்ததால்தான் நம்பினாள் என்று பின்னால் சொன்னாள்.

மசூதை விடுதலை செய்து பம்பாய் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று ஒலி முகம்மது எழுதிய கடைசிக் கடிதத்தை, தபால்காரரிடமிருந்து மசூதே வாங்கினான். அது வந்த தேதி 1984 ஜனவரி 19, வியாழக்கிழமை.