சத்தத்தைக் குறைத்துப் பார்த்த கிறிஸ்மஸ் கார்ட்டூன்

குண்டண்ணே! நீ இல்லை என்று தெரிந்தும் கிறிஸ்மஸ் வந்தது. கொஞ்சமும் வெட்கம் இல்லாமல் வந்தது. தீபாவளி வெடியின் கருகல் வாசம் போவதற்குள் தலவாக்கலைக் கடைகளில் பஞ்சுப் பனியும் மினுக்கு லைட்டும் தொங்கின. நீ வருசா வருசம் கிறிஸ்மஸ் தாத்தாவாக நிற்கிற புடவைக் கடை வாசலில் இந்த முறை காற்று அடைத்த ரப்பர் தாத்தா ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அது உன்னைவிட நன்றாகக் கை ஆட்டுகிறது. டீ குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமலும் போகாது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குண்டு என்பது என் ஒரே அண்ணனின் பட்டப்பெயர். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி மாதிரி இருப்பான். அதனாலேயே லயத்தில் எல்லாரும் அவனைக் குண்டு என்று கூப்பிட்டார்கள். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின ஒற்றைக் காம்பிரா வீட்டு வரிசைகளில் மேல் லயம் எங்களுடையது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறாள். நானும் பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளோடு மலைக்குப் போகிறேன். அண்ணனுக்கு மரக்கறித் தோட்டத்தில் வேலை. டிசம்பரில் மட்டும் டவுனில் கிறிஸ்மஸ் தாத்தா.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு கிழமை கூடத் தாங்கவில்லை. எங்கள் மலையில் சிறுத்தைப்புலி நடமாடுகிறது, லயத்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. அப்படியிருக்க என் அண்ணனைக் கொண்டுபோக ஒரு எலிதானா கிடைத்தது? அவன் இருந்திருந்தால், "புலி அடிச்சதுன்னு சொல்லுங்கடி, எலின்னு சொன்னா மானம் போயிரும்" என்றுதான் சொல்லியிருப்பான்.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் உபதேசியார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு செபமாலை சொல்ல வந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கிட்டது அவருதானே? எடுத்துக்கிட்டவர்கிட்டயே போயி, நல்லா பாத்துக்கங்க சாமின்னு நான் கெஞ்சணுமா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. புள்ளையோட ஆத்துமா இளைப்பாறணும்ல."

"அவன் உசுரோட இருக்கயிலயே நல்லா இளைப்பாறுனவன்தான். நீங்க போங்க."

அவர்கள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவனுக்காகச் செபம் சொல்லக்கூடாது. அம்மா மாதா கோயிலுக்கும் போவதில்லை. மலையில் கொழுந்து பறிப்பாள், வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

எனக்குப் பயம் வேறு மாதிரி. செத்துப்போனவர்கள் நேராக மோட்சத்துக்குப் போவதில்லை, நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருக்கிறது, இங்கே நாம் சொல்லும் செபம்தான் அவர்களை அங்கிருந்து நகர்த்தும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, இது மட்டும் நன்றாக ஏறிவிட்டது. நடுவழியில் நின்றுபோன பஸ்ஸோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி அண்ணன் அங்கே நிற்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். போர்வைக்குள் நான் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அழுகை வந்துவிடும், இல்லாவிட்டால் தூக்கம் வந்துவிடும். ஒரு ஆள் தள்ளி பஸ் நகருமா? நாலு பேர் வேண்டும். அம்மா வேண்டும்.

அந்தக் கார்ட்டூனைப் பற்றிச் சொல்கிறேன். போன் திருத்துகிற கடையில் அண்ணன் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றின் கதை, அதில் இது கிறிஸ்மஸுக்கு எடுத்தது. முழுக்க இங்கிலீஸ். எங்களில் யாருக்கும் ஒரு வரி புரியாது. அண்ணனுக்கும் புரியாது, ஆனால் அதை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. டீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு எல்லாருக்கும் அவனே பேசுவான். கிறிஸ்மஸுக்கு முதல்நாள் பின்னேரம் வேதக்காரர், திருநீறு பூசுகிறவர் என்று வித்தியாசம் இல்லாமல் லயமே எங்கள் காம்பிராவில் வந்து நெருக்கிக்கொண்டு உட்காரும்.

துடைப்பம் மாதிரி மீசை வைத்த அப்பா, இரண்டு கையிலும் கடைப் பை தொங்கும் அம்மா, அடங்காத இரட்டைப் பிள்ளைகள். அந்த வீட்டில் ஒரு வாத்தும் உண்டு. அதுவும் பேசும், எல்லாரையும் திட்டும். அதற்கு அண்ணன் கொடுத்தது எங்கள் அம்மாவின் குரல்.

"எருமைகளா, பொழுது எங்க வந்து நிக்கிது, இன்னும் போர்வைக்குள்ள என்னாடா பண்றீங்க? மலைக்குப் போறவ நானு, இடுப்பு வலிக்கிறது ஒனக்கா?"

"என்னைய வாத்துங்குறியாடா?" என்று அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். ஆனால் வாத்து வருகிற இடத்தில் அடுப்படியிலிருந்து தவறாமல் எட்டிப் பார்ப்பாள்.

கதை இதுதான். அந்த ஊரில் ஒரு பெரிய கடை. கிறிஸ்மஸ் வியாபாரத்துக்காக மீசைக்காரரை அங்கே தாத்தாவாகச் சேர்ப்பார்கள். அவரைப் போலவே சிவப்பு உடுப்பு போட்ட தாத்தாக்கள் வரிசையாக நிற்பார்கள், மேனேஜர் அவர்களுக்கு ஏதோ கட்டளை போடுவான். எங்களுக்கு அது விடியக்காலை வேலை பிரிக்கிற பெரட்டு. மேனேஜர்தான் எங்களை வேலை ஏவுகிற கண்டாக்கு ஐயா.

"தாத்தாமாரு எல்லாம் வந்தாச்சா? தாடி ஒழுங்கா ஒட்டாதவனுக்கு அரைப்பேருதான் போடுவேன். நீ என்னாய்யா சிரிக்காம நிக்கிற? சிரிக்கிறதுதான்யா வேலையே!"

"அரைநாள் பேரா, பாதிச் சம்பளமா? சங்கத்துல சொல்லுங்கய்யா!" என்று கீழ்வீட்டு மாமா டீவியைப் பார்த்துக் கத்துவார்.

அப்புறம் அந்தக் கடைக்காரன் மாதா கோயில் குடிலையே வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்குள் வைப்பான். சூசையப்பர் தலையில் கடைத் தொப்பி. மாதா கையில் தள்ளுபடிப் பலகை. பாலன் இயேசுவின் காலில் விலைச் சீட்டு. அண்ணன் சூசையப்பராகக் கூவுவான்: "வாங்கம்மா வாங்க, மாட்டுக் கொட்டில் ஐட்டம், இன்னைக்கு மட்டுந்தான்! ஆட்டுக்குட்டிய அமுக்கிப் பாக்காதீங்கம்மா!"

அவனுக்கு அதெல்லாம் அனுபவம். புடவைக் கடை முதலாளியான முஸ்லிம் நானா அவனுக்குக் கொடுத்த உடுப்புக்குள் இரண்டு தலையணை போகும். தூறலில் பஞ்சுத் தாடி நனைந்து கழுத்தில் ஒட்டும். நானா உள்ளேயிருந்து கத்துவாராம்: "தம்பி, வயிறு எறங்கிட்டு, மேல ஏத்துங்க! சனம் பாக்குது!" அண்ணன் வீட்டுக்கு வந்து சொல்வான்: "கடை நானாவோடது, தாத்தா வேதக்காரன், சனம் துணி எடுக்கிறது தைப்பொங்கலுக்கு. இதுல இயேசு எங்கடி வர்றாரு?"

இந்த முறை எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்கு ஒரு வருசம் நல்லநாள் கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. பலகாரத்தை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல்நாள் பின்னேரம் அப்படித்தான் பக்கத்து வீட்டு அத்தை முறுக்கும் கொக்கிஸும் கொண்டுவந்தார். பின்னால் கீழ்வீட்டு மாமா, அவருக்குப் பின்னால் பிள்ளைகள், பிறகு பாதி லயம். வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் இருட்டாகக் கிடந்த டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடவா?" என்று கேட்டேன்.

"செத்த வீட்டுல டீவியா?" என்றாள் அம்மா.

அத்தைதான் சட்டம் பேசினார். "இல்ல மதினி, சத்தம் வெச்சாத்தானே கொண்டாட்டம்? சத்தமே இல்லாம போட்டா அதுல என்னா துக்கம் கெடுது?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அத்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படத்துக்கு நாங்கள் ஒருநாளும் சத்தம் வைத்ததில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சாமிக்கும் தெரிந்திருக்கும். நான் பென்டிரைவைச் செருகினேன்.

படம் ஓடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு வருசமும் அந்தப் படத்தை வைத்திருந்தோம், அவன் குரலை யாரும் ஒரு போனில்கூடப் பிடித்து வைக்கவில்லை. மீசைக்காரர் வாயை வாயை ஆட்டுகிறார், ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. இதற்குச் செபமாலையே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு நிறுத்த எழுந்தேன். திரையில் வாத்து வந்து சொண்டைத் திறந்தது.

"எருமைகளா!"

அடுப்படிப் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா. அவள் திரும்பக்கூட இல்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழுது எங்க வந்து நிக்கிது, இன்னும் என்னாடா பண்றீங்க?"

வாத்து மறுபடி வாய் திறந்தது. அம்மா அதற்கும் சொன்னாள். அண்ணன் அம்மாவை மாதிரிப் பேசியதை அம்மா இப்போது அண்ணனை மாதிரிப் பேசினாள். எது யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கீழ்வீட்டு மாமா சிரித்துவிட்டார், சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. பெரட்டு வந்ததும் மாமா கண்டாக்கு ஆகிவிட்டார். குடிலுக்கு அத்தை.

"ஆட்டுக்குட்டிய அமுக்காதீங்க, சாமி குத்தம்!"

"அப்படி இல்ல அத்தை, 'அமுக்கிப் பாக்காதீங்கம்மா'ன்னுதான் குண்டு சொல்லும்" என்றான் பிள்ளைகளில் ஒருவன்.

"ஒனக்கு என்னா தெரியும்? போன வருசம் நீ தூங்கிட்ட!"

"நீங்கதான் கொறட்டை விட்டீங்க!"

செத்த வீடு மாதிரியா இருந்தது? சந்தை மாதிரி இருந்தது.

கடைசியில் படத்தில் கரண்டு போய்விடும். கடையில் எல்லாரும் ஒரு பொம்மைக்காக இருட்டில் அடித்துக்கொள்வார்கள். இந்தக் குடும்பம் மட்டும் வெளியே பனியில் பழுதாகி நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்து கைகளைக் கோர்த்துக் கண்ணை மூடும். அந்த இடத்தில் அண்ணன் மீசைக்காரருக்கு ஒரு செபம் வைத்திருந்தான்: "ஆண்டவரே, ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மான்னு போட்டிருக்கீங்களே, அந்தச் சும்மா எங்க?" அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. திரையில் அவர்கள் கண்ணை மூடினார்கள். லயமே வாயை மூடிக்கொண்டது.

அம்மா எழுந்து வந்து டீவிக்கு முன்னால் நின்றாள்.

"ஆண்டவரே, ஒண்ண வாங்கிட்டீங்க. சும்மா எனக்கு ஒண்ணும் தரல." இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சரி. வாங்குனத நல்லா வெச்சுக்கங்க. காலையில எழும்ப மாட்டான், திட்டாதீங்க. திட்டுறதா இருந்தா நான் வந்து திட்டிக்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க? எம்புள்ளைக்குத்தானே வந்தீங்க. சொல்லுங்க எல்லாரும்."

சொன்னோம். வேதக்காரர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு முருகனிடம் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தேவாரத்தைச் சத்தமாகப் பாடினார்கள், அதுதான் அவர்களுக்குத் தெரியும். நான் அழாமல், தூங்காமல், முழுசாகச் சொல்லி முடித்தேன்.

இதை இவ்வளவு தூரம் வாசித்த நீங்களும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, எந்தப் பாசையாக இருந்தாலும் சரி. பெயரைக் கேட்டால் மேல் லயத்துக் குண்டு என்று சொல்லுங்கள், போதும். என் அண்ணனுக்காக எல்லாரும் ஒரு செபம் சொல்லுங்கள். குளிர் தாங்கமாட்டான், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.