கால் எட்டாத வண்டி

"ஜீப் இனிமே மேல வராதும்மா" என்றார் குடிநீர்த் துறைப் பொறியாளர். "எட்டு கிலோமீட்டர் கல்லுப் பாதை. மாசத்துக்கு ஒரு டயர் கிழியுது. சொந்த வண்டி வச்சிருக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான், திங்கட்கிழமையிலேர்ந்து பம்புக்கு அவனைப் போட்டுடறேன். நீங்க கீழ பில் கவுண்டருக்கு வந்துடுங்க. ஃபேன் காத்துல ஹாயா உக்காந்திருக்கலாம்."

பதினெட்டு வருடமாகக் குன்றின் மேல் பம்ப் ஓட்டியவள் அவள். ஊரே அவளை 'மேட்டு பம்ப் அக்கா' என்றுதான் அழைக்கும். பிறந்த வீட்டில் அண்ணன் சொன்னதைக் கேட்டாள். வந்த வீட்டில் மாமியார் சொன்னதைக் கேட்டாள். அந்தப் பம்ப் அறை ஒன்றில்தான் அவள் சொன்னதை மற்றவை கேட்டன. இரண்டு பம்புகள், பதினாறு வால்வுகள், ஒரு பூட்டு, ஒரு சாவி. அதையும் பிடுங்கிக்கொண்டு ஃபேன் காற்றைத் தருகிறார்களாம்!

"அந்த ஃபேனை நீங்களே வச்சுக்குங்க சார். திங்கட்கிழமை காலையில நான்தான் பம்பைப் போடுவேன்."

"சரி, போட்டுப் பாருங்க. எதுல போவீங்க?"

"அது என் பாடு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, எதில் போவது என்று அவளுக்கே தெரியாது. மறுநாளே கணவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தாள். மூன்றாவது வளைவில் ஒரு பாறை வண்டியின் அடிப்பக்கம் இடித்து, ஆயில் எல்லாம் பாதையில் கொட்டிவிட்டது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஊர் எல்லையில் இருந்த பட்டறையில் கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற டர்ட் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டாள்.

கணவர் தையல்காரர். மெஷினை நிறுத்தாமலேயே கேட்டார். "விழுந்தா?"

"எந்திரிப்பேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சும்மா இருந்தாரா? சத்தமில்லாமல் போய் மைத்துனருக்கு போன் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்து இறங்கினார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். தங்கையைத் தடுக்கத்தான் வந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் வேறு வழியில்லாமல் கூடவே நடந்தார்.

"அது சமதரையிலயே மண்டையை உடைக்கிற வண்டிடி. இருபது வயசுப் பசங்க சேத்துல குதிக்கிறதுக்குச் செஞ்சது. உனக்கு நாப்பத்தஞ்சு."

"நாப்பத்திநாலு."

"ஆமா, அந்த ஒரு வயசுதான் உன்னைக் காப்பாத்தப் போகுது."

பட்டறையில் வண்டி தனியாக நின்றது. நீலம். ஒல்லி உடம்பு, முள் முள்ளாய் டயர், நெஞ்சு உயரத்துக்கு சீட். அவளுக்குள் ஏதோ திடுக்கென்றது. பயமா, ஆசையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் பட்டறைக்காரரிடம்.

எஞ்சின் ஓடியது. அவள் கைப்பையிலிருந்து ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பம்ப் அறையில் தினமும் செய்கிற வேலைதான்: நுனியை மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். குனிந்து எஞ்சின் தலையில் வைத்தாள். டிக், டிக், டிக், டிக்.

நிமிர்ந்தாள். முகம் இருண்டிருந்தது. "உள்ள ஏதோ அடிக்குது. இது செத்த வண்டி. ஏமாத்தப் பாக்கறீங்களா?"

பட்டறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, அது வால்வு போடற சத்தம். இந்த எஞ்சின் பிறந்ததிலேர்ந்தே இப்படித்தான் பேசும். அது நின்னு போனாத்தான் நீங்க அழணும்."

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். "தண்ணி மெஷினுக்கு வைத்தியம் பாக்கறவ எஞ்சினுக்கு நாடி பிடிக்கறா! வாடி போலாம், மானம் போகுது."

காது மடல் வரை சிவந்துவிட்டது அவளுக்கு. பம்பில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் மெயினை அணைத்துவிட்டு ஓடுவாள். எஞ்சினுக்கு வேறு நியாயம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அந்த நிமிடமே திரும்பிப் போயிருக்கலாம். எதிர்க் கடையில் வேடிக்கை பார்த்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அவள் திரும்பவில்லை. "எஞ்சினை அணைங்க. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்க."

"எதுக்குக்கா?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அச்சுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். மணலை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. இந்த முறை அவள் கத்தவில்லை. மெதுவாகவே சொன்னாள். "பேரிங் போச்சு."

"நேத்துதான் மாத்தினேன்."

"எந்த நேத்து?"

பட்டறைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றியதும் துருப்பிடித்த குண்டுகள் இரண்டு சேற்றுத் தண்ணீரோடு தரையில் உருண்டன. யாரும் சிரிக்கவில்லை. புதுசு ஒன்றை எடுத்து வந்து பட்டறைக்காரர் பொருத்த ஆரம்பித்தார்.

"வெளி வளையத்துல மட்டும் தட்டுங்க. உள் வளையத்துல அடிச்சா இப்பவே கெட்டுடும்" என்றாள் அவள். அவர் மறுபேச்சில்லாமல் அப்படியே தட்டினார்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஏறி உட்கார வேண்டும்.

ஏறினாள். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. ஒரு காலை நீட்டித் தரையைத் தேடினாள். தரை கிடைப்பதற்கு முன் வண்டி சாய்ந்தது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எதிர்க் கடை வாசலில் நின்றவர்கள் "ஓ"வென்று கத்தினார்கள்.

அண்ணன் ஓடி வந்து தூக்கினார். அவர் குரல் இப்போது கேலிக் குரல் இல்லை. "சின்ன வயசுலேர்ந்து குள்ளச்சி குள்ளச்சின்னு உன்னைக் கிண்டல் பண்ணேன், ஒத்துக்கறேன். ஆனா இது கிண்டல் இல்ல. கால் எட்டலடி உனக்கு. அந்தக் கல்லுப் பாதையில நீ விழுந்து கிடந்தா தூக்கி விட யார் இருக்கா? கவுண்டர் வேலை கௌரவமான வேலை. விட்டுடு."

அவள் கண்ணில் நீர் முட்டியது. வலியால் அல்ல. "அண்ணே, இது வரைக்கும் எனக்கு எட்டாததையெல்லாம் வேணாம்னு நீங்களே எடுத்து வச்சுட்டீங்க. படிப்பு எட்டாதுன்னீங்க, விட்டேன். டவுன் வேலை எட்டாதுன்னீங்க, விட்டேன். இதையும் விட்டா எங்கிட்ட விடறதுக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் குனிந்து, சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்திப் பிடித்தார்.

பட்டறைக்காரர் பக்கத்தில் வந்தார். "அக்கா, ரெண்டு காலும் எட்டணும்னு எவன் சொன்னான்? இந்த வண்டியில பாதிப் பேருக்கு எட்டாது. இடுப்பை ஒரு பக்கமா நகத்தி உக்காருங்க. ஒரு கால் போதும். நிறுத்தும்போது மேடான பக்கமாப் பாத்து நிறுத்துங்க."

இடுப்பை நகர்த்தினாள். இடது காலின் விரல் நுனி தரையைத் தொட்டது. அவ்வளவுதான். அது போதும். கைப்பையிலிருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

"கூட வரீங்களாண்ணே, பின்னால உக்காந்து?"

"நான் நடந்தே வரேன் தாயே. எனக்குப் பேரன் இருக்கான்."

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தையல்காரர் வெளியே வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய சோபா உறையை வெட்டிப் பஞ்சு அடைத்து, முழங்காலுக்கு இரண்டு திண்டு தைக்க உட்கார்ந்துவிட்டார். மைத்துனருக்கு போன் போட்ட குற்றத்துக்கு அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் குன்று ஏறினாள். இரண்டாவது வளைவில் ஒரு முறை விழுந்தாள். ஐந்தாவதில் இன்னொரு முறை. முழங்காலுக்குத் திண்டு இருந்தது, முழங்கைக்கு இல்லை. தூக்கி விட யாரும் இல்லைதான். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு குதிகாலையும் ஊன்றி, பின்பக்கமாய் நடந்து நடந்து வண்டியை நிமிர்த்தினாள். மூச்சு வாங்கியது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. பாறைகள்தானே கேட்கப் போகின்றன என்று தாராளமாகத் திட்டினாள்.

பம்ப் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். குழாய் ஒரு முறை உதறிக்கொண்டு நிறைந்தது. பொறியாளருக்கு போன் செய்தாள்.

"மேல தண்ணி ஏறுது சார்."

எதிர்முனையில் அவர் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "மணி ஏழு இருபது ஆச்சேம்மா. ஏழுக்கு ஓடணுமே."

முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "இன்னிக்கு ரெண்டு தடவ விழுந்தேன் சார். நாளைக்கு ஒரு தடவதான் விழுவேன். ஏழு மணிக்கு ஓடும்."