வினாடி வினாவுக்கு மணி அடித்தவன்

பள்ளிக்கூடத்துப் பியூன் செய்கிற வேலையில், எல்லாரும் காதுகொடுத்துக் கேட்பது அவன் அடிக்கிற மணியை மட்டும்தான். என்னைப் போல மணியடித்துக் குடும்பம் நடத்தியவர்களே, ஏச்சு வாங்கித் தருவதும் அதுதான் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் அஞ்சாப்புத் தாண்டாதவன். எழுபதுகளில் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன்.

முதல் ஒத்திகை

வினாடி வினாக் கோப்பையை வருசா வருசம் அருப்புக்கோட்டை டவுன் பள்ளிக்கூடமே கொண்டுபோகும். ஒரு தடவையாவது நாம் வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் ஹெட்மாஸ்டருக்கு வைராக்கியம். மூன்று பிள்ளைகளைச் சேர்த்து அணி அமைத்தார். கேள்வி கேட்டு முப்பது விநாடி ஆனதும் நான் மணி அடிக்க வேண்டும். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஓங்கி ஒன்று போட்டேன். மதியச் சாப்பாட்டு மணி என்று நினைத்து, பள்ளிக்கூடமே தட்டோடு வெளியே ஓடி வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

“ஏம்ப்பா, பதில் வரும்னு பாத்தா பந்திக்குல்ல ஆளு வருது!”

நரிக்குடியில்

அரையிறுதிக்கும் வாட்ச்சையும் கைமணியையும் என்னிடமே கொடுத்தார்கள். எங்கள் அணிப் பையன் முத்து பதிலைச் சொல்ல வாயெடுத்தான். முப்பது விநாடி முடிந்திருந்தது. அடித்துவிட்டேன். ஒரே ஒரு மார்க்கில்தான் தப்பி ஜெயித்தோம். முத்து என் முகத்தையே பார்க்கவில்லை. போட்டியைப் பார்க்க வந்திருந்த டவுன் பள்ளி வாத்தியார்தான் எழுந்து சொன்னார்.

“கடைசிப் போட்டிக்கும் இவரே அடிக்கட்டும். சொந்தப் பிள்ளைகளுக்கே இரக்கப்படாத மனுசன்!”

கடைசிக் கேள்வி

அருப்புக்கோட்டையில் இறுதிப் போட்டி. டவுன் பள்ளியும் நாங்களும் சரிசமம். கடைசிக் கேள்வி எங்களுக்கு. “ஒரே முறை குலை தள்ளிவிட்டு மடிந்துபோவது எது?” என்று வெளியூர்த் தமிழையா கேட்டார்.

“வாளை!” என்றாள் எங்கள் பேச்சியம்மா. எங்கள் பக்கத்து நாக்கு அப்படித்தான் புரளும். “வாளை என்பது மீனம்மா” என்று ஐயா சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வாட்ச்சில் இன்னும் எட்டு விநாடி இருந்தது. கையை ஓங்கியபடி நின்றேன். பேச்சியம்மா உட்காரவில்லை. ஐயாவைத் தலையாட்ட வைத்து, மார்க்கையும் வாங்கி, கோப்பையை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது அப்போது அவள் கேட்ட ஒரே கேள்வி.

“ஐயா, மீனு குலை தள்ளுமாய்யா?”

ஆயுசெல்லாம் மணி அடித்தவன் நான், ஆனாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சியது என்னவோ அடிக்காமல் நின்ற அந்த எட்டு விநாடிதான்.