பெரியநாயகசாமி கடிக்காத நெல்

பூதலூர்ப் பக்கம் நெல் தரகு பார்க்கும் பெரியநாயகசாமி ஒரு நெல்மணியைக் கடைவாயில் போட்டுக் கடித்தால், 'நறுக்'கென்ற சத்தம் ரயில்வே கேட் வரை கேட்கும். அதைக் கேட்டு ரயில் வருகிறதென்று கேட்டைச் சாத்தியதும் உண்டு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தச் சத்தம் வந்தால்தான் நெல் காய்ந்ததென்று வியாபாரியும் விவசாயியும் ஒப்புக்கொள்வார்கள். அவர் பிழைப்பே அதில்தான்.

கடைவாய்ப் பல் ஒன்று போனபோது, அக்கம்பக்கத்துப் பற்கள் இரண்டையும் தூணாக வைத்து பிரிட்ஜ் கட்டிக்கொண்டார். அதிலும் நெல் கடித்தார். இந்தக் குறுவை அறுப்பில், பின்பக்கத் தூணுக்குக் கீழே ஈறில் ஒரு கொப்புளம். அழுத்தினால் சீழ். வாரக்கணக்காகச் சரியான தூக்கமில்லை. கஞ்சி, மாத்திரை, களம், மறுபடியும் கஞ்சி.

தஞ்சாவூரில் பல் டாக்டர் ஹஃப்ஸா எக்ஸ்ரேயைக் காட்டினார். வேரின் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம்.

"பிரிட்ஜக் கழட்டிடுவீங்களா?"

"கழட்டப் போனா உடையலாம், பல்லும் சேந்து போகலாம். மேலேயே சின்னதா ஓட்டை போட்டு வேரச் சுத்தம் பண்றேன். அதுக்கும் ஆறலைன்னா ஈறத் திறந்து நுனிய வெட்டணும். அப்பவும் சரிவரலைன்னா பல்ல எடுக்கணும், பிரிட்ஜும் போயிரும்."

"நெல்லு கடிக்கலாமா?"

"ஐயா, நீங்க என்ன கிளியா?"

வேரைச் சுத்தம் செய்து அடைத்தாயிற்று. கொப்புளமும் வற்றியது. வட்டம் சுருங்கியதா என்று பார்க்கச் சில மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. அதுவரை கடினமாக எதையும் கடிக்கக் கூடாது. மறுபக்கம் கடிக்கலாமே என்பீர்கள். மறுபக்கம் வெறும் ஈறுதான்.

குத்தகைக்குப் பயிர் வைக்கும் ரெங்கசாமி ரோட்டோரம் காயப்போட்ட நெல்லைக் குவித்துவிட்டுக் கூப்பிட்டார். பெரியநாயகசாமி தன் பையிலிருந்து ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்தார்.

"அத உள்ள வைங்கண்ணே. அது ஒவ்வொருத்தன் கையில ஒண்ணொண்ணு சொல்லும். நீங்க கடிங்க."

பெரியநாயகசாமி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே ஈரம் கதகதத்தது. ஒரு மணியை எடுத்து வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, தாடையை மட்டும் அசைத்தார்.

"சத்தமே கேக்கலையேண்ணே."

"காயாத நெல்லு எங்க சத்தம் போடும்? இன்னொரு வெயில்ல போடுங்க."

ரெங்கசாமி முனகிக்கொண்டே குவியலைப் பிரித்துப் பரப்பினார். பெரியநாயகசாமி சாக்கின் மேல் உட்கார்ந்து, நெல்லை நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பினார். முழுசாக இருந்தது. வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. நாளைக்கு நன்றாகக் காய்ந்துவிடும். ரெங்கசாமி நாளைக்கும் கடிக்கச் சொல்வார்.