மணியகாரரின் இடது கால்

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு, ஒரு பாவுக்கு 3,200 இழை. கருமத்தம்பட்டி விசைத்தறிக் குடோன்களில் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழையையும் புதுப் பாவின் இழையோடு விரலால் முறுக்கி இணைப்பது தம்பிதுரையின் வேலை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நாலு மணி நேரத்தில் முடித்துவிடுவார். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்து வருடத் தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. விரல் அப்படியே இருக்கிறது. நூலை ஒருமுறை உருட்டிப் பார்த்து அது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். நம்பர் கூடக்கூட நூல் சன்னம்.

அவர் வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. பச்சைக்கிளி அல்ல, அதை வளர்க்கச் சட்டம் விடாது. இது கடையில் விற்கும் லவ்பேர்ட். உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஆரஞ்சு முகம். மகள் நித்யஸ்ரீ கல்யாணமாகிப் பெங்களூர் போகும்போது விட்டுப்போனது. கம்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊரை மேற்பார்வை பார்ப்பதுபோல் நடக்கும் என்பதால், அவர் மனைவி பாவாத்தாள் அதற்கு மணியகாரர் என்று பேர் வைத்தார். பேரோடு மரியாதையும் வந்துவிட்டது. “மணியகாரர் சாப்பிட்டாருங்களா?” என்றுதான் அந்த வீட்டில் கேட்கிறார்கள்.

கிளி கத்துவது தம்பிதுரைக்குக் கேட்காது. கீச்சுச் சத்தங்கள்தான் காதை விட்டு முதலில் போனவை. அவருக்குக் கிளி என்றால் அதன் பிடிதான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, காலுக்கு நாலு விரல். வேலை முடிந்து வந்ததும் கூண்டைத் திறந்து ஆள்காட்டி விரலை நீட்டுவார், எட்டும் பற்றும். போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நாலுதான் பற்றின.

இடது கால் வீங்கியிருந்தது. பீளமேட்டில் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் மிஸ்பா, பிளாஸ்டிக் கம்பில் வழுக்கிக் கால் மடங்கியிருக்கலாம் என்றார். மருந்து கொடுத்து, பத்து நாள் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கச் சொன்னார். அப்புறம் கம்பில் மெத்தென்று ஏதாவது சுற்றிவிடுங்கள் என்றார்.

அந்த வேலையைத் தம்பிதுரை விட்டுக்கொடுப்பாரா? குடோனிலிருந்து வேஸ்ட் நூலை ஒரு பிடி அள்ளிவந்து கம்பைத் தலையணை மாதிரி சுற்றினார். ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை. “நம்ம புள்ளைக்குத் தூளி கட்டறப்பக்கூட இத்தன பக்குவம் பாக்கலீங்க நீங்க” என்றார் பாவாத்தாள்.

மூன்று வாரத்தில் மறுபடி அதே கால். மறுபடி பஸ், மறுபடி பெட்டி, பத்து நாளில் குணம். கிளியைக் கூண்டில் விடும் முன், அது கொத்திப் பிய்த்திருந்த இடமெல்லாம் தம்பிதுரை புது நூல் சுற்றினார், முன்னைவிட இரண்டு மடங்கு. கார்த்திகையில் மூன்றாம் முறை. இப்போது ஒரு விரல் கறுத்தும் போயிருந்தது.

“இது நல்லா இல்லீங்க” என்றார் டாக்டர். “கறுப்பு மேல ஏறுச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்.”

“எடுத்துட்டா நிப்பாருங்களா?” என்று கேட்டார் தம்பிதுரை.

“யாருங்க?”

“மணியகாரருங்க” என்றார் பாவாத்தாள், கிளியைக் காட்டி.

டாக்டர் சிரிக்கவில்லை. “தரையில நிப்பாரு. விரல்ல ஏறி நிக்கறதுதான் செரமம்.”

டாக்டர் காலைக் கழுவி, பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து, வீக்கத்தின் மடிப்புக்குள்ளிருந்து இடுக்கியால் எதையோ கிள்ளி எடுத்தார். கால் அங்குலம்கூட இல்லை. “முடி மாதிரி இருக்குதுங்க. ஊட்டுல யாருக்காச்சும் நீள முடி...”

பாவாத்தாளின் கை கொண்டைக்குப் போனது. தம்பிதுரை அதை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார்.

“முடியில்லீங்க. நாப்பதாம் நம்பரு. எங்க குடோன் நூலு.”

பெட்டியில் இருந்தபோதெல்லாம் குணமானது ஏன், கூண்டுக்குப் போனதும் திரும்பி வந்தது ஏன் என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. கிளி கொத்தக்கொத்த நூல் பிரிந்து காலில் சுற்றி இறுகியிருக்கிறது. “நான் துணியத்தானுங்க நெனச்சுச் சொன்னேன்” என்றார் டாக்டர். “கூண்டக் கொண்டாங்கன்னு ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கோணும்.”

“சத்தம் போட்டிருப்பாரே?” என்று மனைவியைக் கேட்டார் தம்பிதுரை.

“போட்டாருங்க. நீங்க ஊட்டுக்கு வாரப்பெல்லாம் கத்துனாரு. உங்களப் பாத்த குஷின்னு நெனச்சுப்போட்டேன்.”

இன்னும் இரண்டு சுற்று உள்ளே இருந்தது. தோல் மூடியிருந்ததால் முனை அகப்படவில்லை. தவறான இடத்தில் வெட்டினால் ரத்தம் நிற்காது என்றார் டாக்டர். தம்பிதுரை கண்ணாடியருகே குனிந்தார். நூலின் முனையைத் தேடுவது அவர் ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை செய்கிற வேலை. முறுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தொடாமல் காட்டினார். “அங்கீங்க. அதுக்குக் கொஞ்சம் கீழ.” டாக்டர் அங்கே வெட்டினார். நூல் தானாகப் பிரிந்து வந்தது.

கறுத்த விரல் ஒரு வாரத்தில் உதிர்ந்தது. கால் பிழைத்தது. கூண்டில் இப்போது கொய்யாக் கிளைதான், ஒன்றும் சுற்றாமல். குடோனிலிருந்து வரும்போது தம்பிதுரை வாசலிலேயே சட்டையை உதறிவிட்டு உள்ளே போகிறார். அப்புறம்தான் விரலை நீட்டுகிறார். ஏழு பற்றுகின்றன.

வரும் செவ்வாய்க்கிழமை டாக்டர் கிளியை மறுபடி பார்க்கிறார். கூண்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.