ஓசூர் சளியும் லேசான சுகரும்

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம். வீட்டுக்காரம்மா நாகம்மா வாசல் தெளித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஜலுபு பட்டிந்தா?" என்றார். தெலுங்கு என்பது மட்டும்தான் புரிந்தது. நான் முழிப்பதைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டினார், இருமியும் காட்டினார். "சளி பிடிக்கலக்கா" என்றேன். "வரும்மா, வரும். சளி வந்தாத்தான் ஓசூர் உங்கள ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தார். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வெயிலில் வளர்ந்தவள் நான். நம் ஊரில் புதிதாக வந்தவர்களைத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று கேட்போம். இங்கே சளி பிடித்ததா என்று கேட்கிறார்கள். வேடிக்கையான ஊர் என்று அன்று நானும் சிரித்துவைத்தேன்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஓசூர் குளிரைப் பற்றிச் சொன்னால் "குடுத்து வச்சவ" என்பீர்கள். கொடுத்து வைத்தது எது என்று பிறகு சொல்கிறேன். ஐப்பசி பிறந்தால் தளி மலைப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று இறங்கும். காலை ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிக்கொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்தபடி போவோம். ஒருவர் தும்மினால் அடுத்த வாரத்துக்குள் பஸ் முழுக்கத் தும்மும். நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் சளிக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். "ஓசூர் சளிதானே, போம்மா" என்பார். இப்படி ஊர் பெயரையே வைத்துவிட்டதால் அது வியாதி என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

இன்னொன்றுக்கும் இங்கே செல்லப்பெயர் உண்டு. என் வீட்டுக்காரர் செல்வராஜ் இரும்புப் பாகங்கள் கடையும் கம்பெனியில் ஆபரேட்டர். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். தூக்கமும் சாப்பாடும் தாறுமாறு. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட நடந்தே போன மனிதர், இங்கே வாசலில் கம்பெனி வண்டி ஏறி வாசலில் இறங்கினார். தூக்கம் வராமல் இருக்கக் கேன்டீன் டீயை ஊற்றிக்கொண்டே இருந்தார். நாற்பதைத் தாண்டியதும் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "லேசா சுகராம்" என்றார். எங்கள் லைனில் பாதி ஆண்களுக்கு லேசாத்தான் சுகர். பலமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: சோறு தின்றால் மாத்திரை, சோறு இல்லை என்றால் மாத்திரை இல்லை. எப்போதோ ஒரு நைட் ஷிப்டில் ஒருவர் சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு போய் மெஷின் மேலேயே மயங்கி விழப்பார்த்தாராம். அதைப் பார்த்தவர்கள் பயந்து வகுத்த சட்டம். எங்கள் லைனில் இருக்கும் தேனிக்காரரும் அரியலூர்க்காரரும் என் வீட்டுக்காரரும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போனார்கள். மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதும்கூட.

போன கார்த்திகையில் அவருக்குச் சளி பிடித்தது, பின்னாலேயே காய்ச்சலும். "ஓசூர் சளி" என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார். வாய் கசக்கிறது என்று சோற்றைத் தொடவில்லை. சட்டப்படி மாத்திரை நின்றது. என் மாமியார் ஊரிலிருந்து போன் போட்டு, "வெறும் வயித்துல அந்த மாத்திரயக் குடுத்துறாத தாயி, கிறங்கிருவான்" என்றார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிரட்டும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கொண்டுவந்தார்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் அந்த மனிதர்கள் வாசலில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். தெம்புக்கு என்று குளுக்கோஸ் கலந்து கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தாகமா கெடக்கு, இன்னொரு டம்ளர் கலக்கு" என்பார். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. தண்ணீராவது இறங்குகிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மூச்சை முதலில் கவனித்தது நாகம்மாதான். குழாயடிக்கு நடந்து போனவர் பாதியில் சுவரைப் பிடித்து நின்றார். "என்னண்ணா, முடியலயா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். நாகம்மா உள்ளே ஓடிப்போய் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை எடுத்துவந்து மாட்டினார். எண்ணைப் பார்த்தார். உடனே மகனைக் கூப்பிட்டு வண்டி பிடிக்கச் சொன்னார்.

கம்பெனி இன்சூரன்ஸ் செல்லும் ஆஸ்பத்திரி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறியது. பிழைக்க வந்த ஊரையும் தாண்டி, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாத இடத்துக்கு இந்த மனிதரை எதற்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அங்கே ஒரு இளம் டாக்டர். "சக்கரெ காயிலெ இதெயா?" என்றார். சர்க்கரை என்பது விளங்கியது. "லேசா இருக்கு டாக்டர்" என்றேன். அரைகுறைத் தமிழில், "மாத்திரை?" என்றார். நான் பொறுப்பான பெண்டாட்டியாக நிமிர்ந்து, "சாப்பிடாததால கரெக்டா நிறுத்திட்டோம் டாக்டர். வெறும் குளுக்கோஸ்தான்" என்றேன். அவர் மெச்சுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அதன் பிறகு அவர் சொன்னதை ஒரு மலையாள நர்ஸ் பொறுமையாக எனக்கு விளக்கினாள். காய்ச்சல் வந்தால் சாப்பிடாவிட்டாலும் உடம்புக்குள் சர்க்கரை ஏறுமாம். ஏறிய சர்க்கரையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறிப் போகுமாம். அடுத்தவருக்கு மூக்கோடு போகிற வைரஸ், அந்த உடம்பில் நுரையீரல் வரைக்கும் இறங்கிவிடுமாம். "தாகம் எடுத்தது சர்க்கரை ஏறினதினாலயாணு சேச்சி. மாத்திரை நிறுத்தணுமா கூட்டணுமான்னு டாக்டர் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணக்கூடாது" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் முகமூடிக்குள் என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நான் கலக்கிக் கொடுத்தது ஒவ்வொரு டம்ளராக எனக்கு ஞாபகம் வந்தது.

பிழைத்து வந்தார். ஆனால் போன மனிதர் வரவில்லை. வலது பக்க நுரையீரல் இன்னும் முழுதாக விரியவில்லை. மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஊருக்கே போய்விடலாம் என்றால், அங்கே அவசரத்துக்கு மூச்சுக் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு வெகுதூரம் போக வேண்டும். இங்கேயே இருக்கலாம் என்றால் ஒவ்வொரு ஐப்பசியும் பயம். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் இருமியதைக் கேட்டு, "ஓசூர்க் குளிரு ஒத்துக்கிடல" என்றார்கள். இங்கே வந்தால், "தெக்கத்தி உடம்பு, குளிர் தாங்காது" என்கிறார்கள். அந்த இருமல் தங்களுடையது என்று எந்த ஊரும் சொல்வதில்லை.

இந்த மாதம் கடைசி வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது. இன்று காலை அந்த வீட்டு ஆண் இருமும் சத்தம் கேட்டது. "ஏத்துக்கிச்சு, ஏத்துக்கிச்சு" என்று குழாயடியில் யாரோ சிரித்தார்கள். நாகம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தப் பெண் ஸ்பூனால் டம்ளரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். படியில் பச்சை நிறக் குளுக்கோஸ் டப்பா.

"அவருக்கு சுகர் இருக்காம்மா?"

"லேசாக்கா."

"மாத்திரை?"

"ரெண்டு நாளா சோறே எறங்கலயே, எப்பிடிக் குடுக்க?" என்றவள், என் பேச்சைக் கேட்டு முகம் மலர்ந்தாள். "அக்கா, நீங்க நம்ம பக்கமா?"

நான் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன். "ஓசூர்தாம்மா" என்றேன். அவள் குழப்பத்தோடு என் கையையே பார்த்தாள்.

உள்ளிருந்து அந்த மனிதர் என் ஊர்த் தமிழில் கூப்பிட்டார். "ஏத்தா, தாகமா கெடக்கு. அந்தத் தண்ணியக் கொண்டா."