சைட்டுக்குப் போன எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராகத் தெரியும், சிலருக்கு டீச்சராக. எனக்கு அவர், பலகையில் சுவிட்சும் ஹோல்டரும் பொருத்தி, பல்பு எரிந்ததும் என்னைத் தூக்கிச் சுற்றிய அக்கா.

பிரேசர் டவுனில் ஒற்றை அறை வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அப்பா மேஸ்திரி. அம்மா அவருடனேயே சித்தாள் வேலைக்குப் போவார். பத்தாவது முடித்ததும் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கப்போவதாக அக்கா சொன்னபோது அப்பா சம்மதிக்கவில்லை. கட்டட வேலை நடக்கும் சைட்டில் பெண்கள் படும் பாட்டைத் தினமும் பார்த்தவர் அவர். துணி தைக்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிடு என்றார். அம்மாதான் குறுக்கே வந்தார்.

“நான் கல்லு தூக்கறதைப் பார்த்துட்டுப் பயப்படறீங்க. அவ படிச்சிட்டுல்ல போகப்போறா?”

மறுநாள் அப்பாவே அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார்.

படிப்பு முடிந்ததும் பீன்யா தொழிற்பேட்டையில் மின் பேனல் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை. பிறகு லைசென்ஸ் எடுத்து, அடுக்குமாடி வீடுகளுக்கு வயரிங் கான்ட்ராக்ட். திருமணமாகி மாமாவுடன் நகரத்தை ஒட்டிய சந்தாபுராவில் குடியேறினார். சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. கற்றுக்கொள்ள இடமும் இல்லை. அக்கா வீட்டு மாடியில் தகர ஷீட் போட்டு, வயரிங்கும் பிளம்பிங்கும் சொல்லித்தரத் தொடங்கினார். பயிற்சி முடித்தவர்களைச் சம்பளத்துடன் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ள ஒரு பில்டர் ஒத்துக்கொண்டார்.

பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் அக்கா சைட்டைப் பார்க்கப் போனார். பெண்களுக்குக் கழிவறை இல்லை. பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து அம்மா பட்ட வேதனை அவருக்குத் தெரியும். முதலில் வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பில்டர்.

“கட்டிட்டுச் சொல்லுங்க சார். அன்னைக்கே கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அக்கா.

அந்தப் பில்டரிடம் அவருக்கு இருந்த வயரிங் கான்ட்ராக்டும் வேறு ஆளுக்குப் போனது. கிடைத்த வேலையைக் கெடுத்துவிட்டதாகப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். மாமாவின் ஆட்டோ வருமானத்தில் வீடு ஓடிற்று. வகுப்பு மட்டும் நிற்கவில்லை. ஷீட்டில் மழை கொட்டும் இரைச்சலுக்கு மேல் குரலெடுத்துப் பாடம் நடத்தினார் அக்கா.

மழைக்காலம் முடிந்ததும் பில்டரே போன் செய்தார். கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல் வயரிங் பாதியில் நின்றிருந்தது. கழிவறை கட்டியாயிற்று என்றார். அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே எல்லாரையும் அழைத்துப் போனார். அன்று போன பெண்களில் ஒருத்தி இன்று அதே கம்பெனியில் சைட் சூப்பர்வைசர்.

நோயில் படுத்த பிறகும், கட்டிலருகே பிள்ளைகளை உட்காரவைத்துத் தேர்வுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பாஸான செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கோபம் விட்டுத் திரும்பி வந்த பில்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் மாணவிகள் இப்போதும் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அன்றன்றைக்குச் சைட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் சொல்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அந்தப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.